விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பவர்

எமது கிராமங்களில் சங்கக்கடையை அறியாதவர் இல்லை. 1942இல் போர்க்கால உணவுப் பங்கீடு தொடங்கியபோதும், பின்னர் கூப்பன் அரிசிக் காலத்திலும் மக்கள் பையோடு வரிசையில் நின்றது அங்கேதான். இன்று பல சங்கக்கடைகளில் ஊழியர் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, சந்தியிலுள்ள தனியார் கடையில் கூட்டம் நிற்கிறது.

விலைதான் காரணம் என்று கூறிவிட முடியாது. பல பொருட்களின் பொதியிலேயே விலை அச்சிடப்பட்டுள்ளது. காரணம் வேறு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. வேறு வழியின்றி வந்தவர், விரும்பினால் மட்டும் வருபவரானார். ஆனால் எமது சங்கங்கள் பல, வரிசைக் காலத்துப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. "சவர்க்காரம் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்கும் தாய்க்கு, "இல்லை அம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்போது வரும் என்று சொல்வாரும் இல்லை. கேட்டதைக் குறித்துவைப்பாரும் இல்லை.

இதற்கு ஊழியரைத் திட்டுவது இலகு. அவருடைய நிலையையும் நாம் பார்க்கவேண்டாமா? என்ன பொருளை வாங்குவது என்று தலைமையகம் தீர்மானிக்கிறது. விலைபோகாத பொருளும் லொறியில் வந்து இறங்குகிறது. இருப்புக் குறைந்தால் பொறுப்பு அவர் தலையில். விற்பனை கூடினால் அவருக்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. கடையின் நன்மை தீமையில் பங்கில்லாதவரிடம் மலர்ந்த முகத்தை எதிர்பார்ப்பது எப்படி?

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி, இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் சாதாரண தொழிலாளர் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மா, சீனி, வெண்ணெய், மெழுகுதிரி போன்ற சில பொருட்களே அங்கு இருந்தன. கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில் அவர்கள் சுத்தமான பொருளைச் சரியான நிறையில் விற்றனர். இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். தொடக்கத்தில் உறுப்பினர்களே மேசைக்குப் பின்னால் நின்றனர். விற்றவரும் வாங்கியவரும் உரிமையாளரும் ஒருவரே. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்மாதிரியாகியது அந்தக் கடைதான்.

சுவருக்கு வர்ணம் பூசுவதாலும் பெயர்ப்பலகையை மாற்றுவதாலும் விற்பனை கூடாது. பெரும் செலவில்லாத மூன்று காரியங்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். கேட்டு இல்லையென்று போன பொருட்களை ஊழியர் அதில் எழுதட்டும். அடுத்த கொள்வனவு அந்தக் கொப்பியைப் பார்த்தே நடக்கட்டும்.

இரண்டாவது, மாதம் ஒருமுறை கிளை ஊழியர்களை இயக்குநர் சபை சந்திக்கட்டும். கணக்குக் கேட்பதற்காக மட்டுமன்றி, அவர்கள் சொல்வதைக் கேட்பதற்காகவும்.

மூன்றாவது, விற்பனை கூடும்போது ஊழியருக்கு ஊக்கத்தொகையும், வாங்கிய உறுப்பினருக்குக் கழிவும் கிடைக்கட்டும்.

கடன் கேட்பவருக்கெல்லாம் கொடுத்துச் சங்கத்தை மூழ்கடிக்கும்படி நாம் கூறவில்லை. கணக்கில் கண்டிப்பு வேண்டும். ஆனால் கண்டிப்பு வேறு, கடுகடுப்பு வேறு.

உறுப்பினரான எமக்கும் இதில் பங்குண்டு. சங்கக்கடை எமது கடை என்று மேடையில் பேசிவிட்டு, சாமானைச் சந்தியில் வாங்குகிறோம். பொதுக்கூட்டத்துக்கு எத்தனைபேர் போகிறோம்? அடுத்த கூட்டத்துக்குப் போவோம். "எங்கள் கிளை ஊழியர் கடைசியாகச் சொன்ன யோசனை என்ன? அதற்குச் சபை என்ன செய்தது?" என்று எழுந்து கேட்போம். பதில் இல்லையென்றால், கடை ஏன் வெறிச்சோடியது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.