மலையில ஏத்துறவங்களை எண்ணி ஏத்துங்க, எண்ணி இறக்குங்க



மலையில ஓடுற போட்டிக்கு இப்போ நல்ல மவுசு. நம்ம ஜவ்வாது மலைக்கும் டவுன் பசங்க ஷூவை மாட்டிக்கிட்டு ஓட வர்றாங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன். ஜமுனாமரத்தூர் டீக்கடைக்கு நாலு காசு வரும், மலைவாசிங்க சாமையும் தேனும் விக்கும். ஆனா நடத்துறவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மேல போன ஆளையும் பொருளையும் எண்ணித் திரும்ப இறக்குறீங்களா?

ஆரணிக்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். கமண்டல நதி அந்த மலையிலதான் பொறக்குது. செண்பகத்தோப்பு அணை தாண்டி நம்ம பக்கம் வருது. மேல போடுற குப்பை மழையில உருண்டு நம்ம வாய்க்காலுக்குத்தான் வரும். மாடு திங்கும், மடை அடைக்கும்.

முதல்ல ஆளைப் பத்தி. சீனாவுல கான்சு மாகாணத்துல 2021 மே 22-ந் தேதி 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினாங்க. திடீர்னு குளிர்காத்தும் ஆலங்கட்டியும் அடிச்சு 21 பேர் செத்துப்போனாங்க. காத்து தாங்குற சட்டை கட்டாயம்னு விதி இல்லை. வண்டி போகாத ஏத்தத்துல உதவிக்கு ஆளும் இல்லை. ஆறு பேர் உயிரைக் காப்பாத்தினவர் அந்த மலையில ஆடு மேய்ச்சவர். குகைக்குள்ள கூட்டிப்போய் தீ மூட்டிக் காய வச்சார். மலை தெரிஞ்சவன் யாருன்னு பாத்துக்குங்க.

நம்ம ஊர்லயும் பட்டிருக்கோம். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அதே வருஷம் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதி போட்டது.

மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன ஆட்டை எண்ணித்தான் பட்டியில அடைக்கிறோம். ஒண்ணு குறைஞ்சாலும் ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டுத் தேடுறோம். மனுஷனுக்கு அது கூட வேணாமா? ஓடுறவங்க நெஞ்சுல நம்பர் குத்தினா மட்டும் போதாது. வழியில ஒவ்வொரு இடத்துலயும் அந்த நம்பரைக் குறிக்கணும். கடைசி ஆளுக்குப் பின்னால ஒருத்தர் நடந்து வரணும். செல்போன் எடுக்காத இடத்துல வாக்கி டாக்கியோட ஆள் நிக்கணும். 108 வண்டி எதுவரைக்கும் வரும்னு முன்னாடியே ஓட்டிப் பாத்துடணும். வானம் கறுத்தா போட்டியை நிறுத்த ஒருத்தருக்கு அதிகாரம் இருக்கணும். பணம் கட்டிட்டாங்க, மந்திரி வந்துட்டாருன்னு அவர் கையைக் கட்டக் கூடாது.

அடுத்தது பொருள். தண்ணி பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1-லேர்ந்து தமிழ்நாட்டுல தடை. கேன்ல தண்ணி வைங்க, ஓடுறவங்க அவங்கவங்க டம்ளர் கொண்டு வரட்டும். வழி காட்ட நூறு ரிப்பன் கட்டினா, அன்னைக்கே நூறையும் அவிழ்த்து எண்ணணும்.

தேதியையும் மலை ஜனங்களைக் கேட்டு வைங்க. கோடையில காடு காஞ்சு கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில ஓடை எப்ப பொங்கும்னு தெரியாது. சாமை விதைச்ச கொல்லைக்குள்ள முந்நூறு கால் ஓடினா அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் கூழு இல்லை. வனத்துறை அனுமதி கட்டாயம் வேணும். அதோட ஊர்ப் பெரியவங்க சம்மதமும் வாங்குங்க. வழியில நிக்க அந்த ஊர்ப் பிள்ளைங்களையே கூலி கொடுத்து நிறுத்துங்க.

ஓட ஆசைப்படுற தம்பி, தங்கச்சிங்களுக்கும் சொல்றேன். பணம் கட்டுறதுக்கு முன்னாடி, மெடல் எப்படி இருக்கும்னு கேக்காதீங்க. ராத்திரி ஒரு நம்பர் குறைஞ்சா யார் தேடி வருவாங்கன்னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா, அந்த ஓட்டத்துக்குப் போகாதீங்க.