இலை குவாண்டம் கணினி அல்ல

ஐ.நா. சபை 2025ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியல் ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, பழைய கதை ஒன்று மேடைக்கு மேடை மறுபடி கிளம்பிவிட்டது. இலைக்குள் குவாண்டம் கணினி ஓடுகிறதாம். பச்சையம் பிடித்த ஒளியாற்றல் ஒரே நேரத்தில் எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்து, நல்ல வழியைத் தேர்ந்துகொள்கிறதாம். இத்துறையில் உழைப்பவர்களே பெரும்பாலும் கைவிட்டுவிட்ட கருத்து இது.

தொடக்கம் 2007. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிரஹாம் ஃபிளெமிங் குழு, பசுங்கந்தக பாக்டீரியாவில் ஒளியாற்றலைக் கடத்தும் எஃப்.எம்.ஓ. புரதத்தில் லேசர் துடிப்புகளைப் பாய்ச்சியது. ஆற்றல் பல வழிகளில் ஒருசேரப் போவதன் அடையாளமாகக் கருதப்பட்ட குவாண்டம் அலைவுகள் 660 ஃபெம்டோ நொடிவரை (ஃபெம்டோ நொடி என்பது நொடியின் மிக நுண்ணிய துளி) நீடித்ததாக ‘நேச்சர்’ இதழில் எழுதியது. எந்த வெப்பநிலையில்? மைனஸ் 196 டிகிரி செல்சியஸில்! அந்த பாக்டீரியாவோ நியூசிலாந்தின் வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. சுமார் 47 டிகிரியில் செழிப்பது. அது வாழும் சூட்டுக்கும் அதை அளந்த குளிருக்கும் இடையே 243 டிகிரி வித்தியாசம். இந்த ஒரு எண்ணை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. இந்தப் புரதம் எந்த இலையிலும் கிடையாது என்பதையும்தான்.

2010இல் 4 டிகிரியிலும் அலைவுகளைப் பார்த்தோம் என்றார்கள். அதுவும் குளிர்பெட்டிக் கணக்குதான். 2017இல் ஹாம்பர்க்கின் டுவைன் மில்லர், மைக்கேல் தோர்வார்ட் குழுவினர் அதே புரதத்தை அறை வெப்பத்தில் அளந்தார்கள். அந்த அலைவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட எலெக்ட்ரான்களின் ஒத்திசைவு 60 ஃபெம்டோ நொடியில் கலைந்துவிட்டது. ஆற்றல் அந்தப் புரதத்தைக் கடக்க ஆயிரக்கணக்கான ஃபெம்டோ நொடிகள் வேண்டும். பயணம் தொடங்கியவுடனேயே அணைந்துபோகும் விளக்கு எப்படி வழிகாட்டும்? நீண்ட நேரம் தெரிந்த அலைவுகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் அதிர்வுகளே என்று 2020இல் முன்னணி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து எழுதினார்கள்.

“குவாண்டம் இல்லாமல் ஒளிச்சேர்க்கையா?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: உப்புக்கல்லும் குவாண்டம் விதிப்படிதான் இருக்கிறது. அதற்காக அதைக் கணினி என்கிறோமா?

உண்மையான அற்புதம் அமைப்பில் இருக்கிறது. ஊதா பாக்டீரியாவின் எல்.எச்.2 புரதத்தின் வடிவத்தை 1995இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 9 பச்சைய மூலக்கூறுகள் ஒரு வளையமாகவும் 18 மூலக்கூறுகள் நெருக்கமான இன்னொரு வளையமாகவும் நிற்கின்றன. முதல் வளையம் 800 நானோமீட்டர் ஒளியைப் பிடிக்கும். ஆற்றல் சற்றுக் குறைந்த 850 நானோமீட்டர் வளையத்துக்கு ஏறக்குறைய ஒரு பிக்கோ நொடியில், அதாவது ஆயிரம் ஃபெம்டோ நொடியில், கைமாற்றிவிடும். ஆற்றல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். அண்டை மூலக்கூறுகளுக்கு இடையிலான இந்தத் தாவலுக்கு அறிவியலாளர் ஃபார்ஸ்டர் 1948லேயே கோட்பாடு வகுத்துவிட்டார்.

பயிர் தோற்பது இந்த ஆற்றல் கைமாற்றத்தில் அல்ல. நெல், கோதுமை போன்றவை சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 4.6 சதவீதத்தைத்தான் உயிர்ப்பொருளாக்க முடியும். வயலில் அதுகூடக் கிடைப்பதில்லை. உச்சி வெயிலில் மிகையான ஒளியை வெப்பமாகக் கழித்துவிடும் பாதுகாப்பு, நிழல் விழுந்த பிறகும் உடனே அடங்குவதில்லை. அதை விரைவில் அடங்கவைத்த புகையிலைச் செடிகள் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வளர்ந்ததாக 2016இல் இல்லினாய், பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

‘குவாண்டம் இலை’ என்று நிதி கேட்டு வரும் திட்டங்களை அரசுகள் இனித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பணம் முழுவதும் பயிரின் ஒளி இழப்பைக் குறைக்கும் ஆய்வுக்கே போக வேண்டும்.