நூலும் வாழ்வும்: கையெழுத்தில் ஓர் அத்தியாயம்

தில்லியில் வாழும் தமிழன்பர்களுள் நூற்பித்துக் கொண்டவர் எவரும் ஞாயிற்றுக்கிழமைப் பழம்புத்தகச் சந்தையை அறியாதிருக்க மாட்டார். தரியாகஞ்சு நடைபாதையில் பல்லாண்டுகள் விரிந்து கிடந்த அச்சந்தை, 2019ஆம் ஆண்டில் ஆசப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாறியது. இடம் மாறினும் இயல்பு மாறவில்லை. மருத்துவப் பாடநூலும் மர்மக் கதையும் ஒரே குவியலில் கிடக்கும். சில கடைகளில் நூலைத் தராசில் நிறுத்து விற்பார்கள். அறிவை நிறுத்து வாங்கும் இடம் உலகில் உண்டோ என்று கேட்பவரை நாம் அங்கே அழைத்துச் செல்வது வழக்கம்.

சென்ற மாரிக்காலத்தில் ஒரு நாள் அங்கே ஆங்கில அகராதி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, குவியலின் அடியில் சிவப்புக் காலிகோத் துணியால் கட்டிய தடித்த புத்தகம் ஒன்று கண்ணிற் பட்டது. பிரித்துப் பார்த்தோம், மெய் சிலிர்த்தது. ‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னின் முதற் பகுதி! வாரந்தோறும் இதழிலிருந்து பக்கங்களைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, மணியம் அவர்களின் சித்திரங்களோடு சேர்த்துத் தைத்த தொகுப்பு. “இது தெலுங்கா, மதராசியா?” என்று கேட்டுவிட்டு, நூறு ரூபாய்க்குக் கொடுத்தார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் புரட்டினோம். முதல் ஏட்டில் ஓர் அம்மையாரின் பெயர் நீல மசியில் எழுதியிருந்தது. அதை இங்கே குறிப்பிடுவது முறையன்று. நடுவில் ஓரிடத்தில் அச்சுத்தாள் நின்று, கோடிட்ட முழுத்தாள்கள் தொடங்கின. அந்த வாரத்து இதழ் தபாலில் வந்து சேரவில்லை போலும். யாரிடமோ இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் அம்மையார் தம் கையாலேயே எழுதி இடையில் சேர்த்துத் தைத்திருக்கிறார். அடித்தல் திருத்தல் ஒன்று கூட இல்லை. அடுப்படி வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, எத்தனை இரவுகள் விழித்து எழுதினாரோ!

இவ்வளவு பேணிய நூல் தெருக்குவியலுக்கு எவ்வாறு வந்தது? விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. வீடு காலியானபோது பழைய தாள்காரரை அழைத்திருப்பார்கள். அந்த வீட்டில் தமிழ் எழுத்தை அறிந்த கண் ஒன்று கூட அப்போது எஞ்சியிருக்கவில்லை. வேறென்ன?

உடனே நம் தலைக்கு மேலிருந்த அலமாரியை அண்ணாந்து பார்த்தோம்.

1975இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து தலைநகருக்கு நாம் வந்தபோது, தகரப் பெட்டியில் துணிமணியைவிடப் புத்தகமே மிகுதி. அரசுக் குடியிருப்பு மாறும்போதெல்லாம் அவையும் மாறின. மே மாதத்துப் புழுதிக்காற்று ஓயுந்தோறும் ஒவ்வொன்றாகத் தட்டி வைத்தோம். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் இட்டோம். மலிவுத் தாளில் மரத்தின் லிக்னின் நீங்காமல் நிற்பதால், ஒளியும் காற்றும் படப்பட அது பழுப்பேறி நொறுங்கும் என்று படித்து, திரைச்சீலை கூடத் தொங்கவிட்டோம். ஓய்வு பெற்று இரண்டு அறை வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது நம் இல்லத்தரசி கேட்டார்: “இவற்றையெல்லாம் உங்களுக்குப் பிறகு யார் படிக்கப் போகிறார்கள்?” அன்று நாம் சினந்தோம். அந்தச் சினம் இரண்டு நாள் நீடித்தது. கேள்வியோ இன்றளவும் நீடிக்கிறது.

உண்மையை ஒளிப்பானேன்? நம் மகன் தமிழ் நன்றாகப் பேசுவான். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். பேத்திக்கு ஒன்பது வயது. தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. பள்ளியைக் குறை கூறினோம், ஊரைக் குறை கூறினோம், காலத்தையும் விட்டு வைக்கவில்லை. ஆனால் மகன் சிறுவனாக இருந்தபோது மாலைதோறும் நாம் என்ன செய்தோம்? நாற்காலியில் சாய்ந்து புத்தகத்தில் ஆழ்ந்திருந்தோம். “அப்பா, அதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று அவன் எத்தனையோ முறை கேட்டதுண்டு. “பிறகு சொல்கிறேன், இப்போது தொந்தரவு செய்யாதே” என்றோம். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. பூச்சியிடமிருந்தும் புழுதியிடமிருந்தும் நூலைக் காத்த நாம், பிள்ளையிடமிருந்தும் காத்துவிட்டோம்!

சீர்காழியிற் பிறந்து 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகவியல் கற்பித்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு நூலையும் அதற்குரிய வாசகரிடம் சேர்ப்பித்தல் அவற்றுள் ஒன்று. நூலகர்களுக்காக வகுத்த விதிதான். எனினும், அலமாரி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத் தலைவனுக்கும் அது பொருந்தும் என்பது நமக்குக் காலங்கடந்து விளங்கிற்று.

அன்றிரவே பேத்தியை அருகில் இருத்தி, அந்தச் சிவப்புப் புத்தகத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினோம். கதை ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குவதை அன்பர்கள் அறிவார்கள். முதற் பக்கம் தாண்டுவதற்குள், “ஆடிப்பெருக்கு என்றால் என்ன, தாத்தா?” என்றாள். காவிரியில் புதுவெள்ளம் வரும் என்றோம். யமுனையில் வெள்ளம் வந்தால் பாலத்தை மூடுகிறார்களே, அதைப் போய்க் கொண்டாடுவார்களா என்று கேட்டாள். உள்ளேயிருந்து இல்லத்தரசி வந்து, ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போன தம் இளமைக் கதையைச் சொன்னார். அரைமணியில் இரண்டே பக்கம். மகன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் நின்றதை நாம் கவனியாதது போல் இருந்தோம்.

எல்லா இரவும் அவ்வாறே சென்றதென்று சொன்னால் பொய்யாகும். சில நாள் உறங்கிவிட்டாள். தேர்வு வந்தபோது மூன்று வாரம் நின்றது. ஒரு நாள், “போதும் தாத்தா” என்று எழுந்தே போய்விட்டாள். மீண்டும் தொடங்கினோம். இதனிடையே பாட்டியார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி எழுத்தறிவிக்க ஆரம்பித்தார். உயிரெழுத்து விரைவில் வந்தது; ரகர றகரப் போராட்டம் இன்னும் முடியவில்லை.

சென்ற வாரம் அந்தக் கையெழுத்துப் பக்கங்களை எட்டினோம். “இதை மட்டும் ஏன் கையால் எழுதியிருக்கிறார்கள்?” என்றாள். சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு முதல் ஏட்டைத் திருப்பி, அந்த அம்மையாரின் பெயருக்கு அடியில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஐந்தெழுத்துப் பெயர், ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் உதவியின்றிப் படித்த முதல் தமிழ்ச்சொல் அதுவே. அந்த அம்மையாரின் சொந்த வீட்டில் அதைப் படிக்க ஆளில்லாமற் போயிற்று. வேறொரு வீட்டில் ஒரு குழந்தை படித்தது.

அன்பர்களே, நம்மில் பலர் வீட்டிலும் மேல்தட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பூட்டிப் பாதுகாப்பதனால் மட்டும் பயனில்லை. நாளைக்குக் கால்மணி நேரம் ஒரு புத்தகத்தை எடுத்து, பிள்ளைகள் காது கேட்கப் படியுங்கள். குறுக்கே கேள்வி கேட்டால் சினவாதீர்கள். படிப்பார் இல்லையெனத் தெளிந்துவிட்டால், தராசுக்குப் போகுமுன் நம் சங்க நூலகத்துக்காவது கொடுங்கள். பழைய இதழ்களும் அரிய பதிப்புகளுமாயின், 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களைக் கேட்டுப் பாருங்கள்.

மணி ஒன்பதாகப் போகிறது. பேத்தி கண்ணாடியையும் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இன்று முதற் பத்தியை அவளே படிக்கப் போகிறாளாம். ஆகவே, இம்மாதம் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.