அடியாட்கள் ஜாக்கிரதை!

ஜிம்முக்குப் போகிற இளைஞர்களைக் கவனித்திருக்கிறேன். மார்புக்கு ஒரு கிழமை, தோளுக்கு ஒரு கிழமை, கண்ணாடி பார்க்க எல்லாக் கிழமையும். உள்ளங்காலுக்கென்று கிழமை ஒதுக்கின ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே என்ன இருக்கு, செருப்புதானே என்பீர்கள்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றுக்குக் கீழே நாலு அடுக்காகச் சின்னச் சின்னத் தசைகள். நிஜமான அடியாட்கள்! பாதத்தின் வளைவைத் தாங்குவதும், நடக்கும்போது விரல்களை நேராகத் தரையில் பதிய வைப்பதும் இவர்கள் உத்தியோகம். வேலையை விட்டு நின்றாலும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

அதுதான் சிக்கல், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்களுக்கு. முதுகுத்தண்டிலிருந்து இந்தத் தசைகளுக்கு வருகிற நரம்பு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை நரம்பைக் கெடுக்க ஆரம்பித்தால் தெருவின் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் கரண்ட் போகும். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான பரிசோதனையில் நரம்புக் கோளாறு பிடிபடாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ.யில் பாதத் தசைகள் மெலிந்திருந்தது தெரிந்தது.

மெலிந்தால் என்ன? கெண்டைக்காலிலிருந்து வரும் பெரிய தசைகளுக்கு எதிராளி இல்லாமல் போகிறது. அவை இழுத்த இழுப்புக்கு விரல்கள் பருந்து நகம் மாதிரி மடங்குகின்றன. முன்பாதத்துக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு நகர்ந்துவிட, எலும்பு நேரே தரையில் அழுத்துகிறது. முதலில் காய்ப்பு, அப்புறம் புண்.

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்: "பத்து வருஷமா சுகர். ஆனா கால்ல வலியே கிடையாது சார்!"

"அதான் சார் எனக்குக் கவலை" என்றார் டாக்டர்.

இந்தக் கதை நம்மூருக்குப் புதிதல்ல. தொழுநோயிலும் கணுக்கால் அருகே நரம்பு செத்து இதே தசைகள்தான் படுத்துவிடும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். நோயாளிகளின் பாதப் புண் கிருமி தின்றதால் வருவதல்ல, மரத்துப்போன காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருவது என்று காட்டினார். அவர்களுக்காக அவரும் சகாக்களும் பயன்படுத்திய மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்கள் 'எம்.சி.ஆர்.' என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள்.

சர்க்கரை இருந்தால் தினம் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத தொப்பைக்குத் தரையில் ஒரு கண்ணாடி. விரல் மடங்க ஆரம்பித்தாலோ, காய்ப்பு தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பிளேடால் சீவுகிற வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

தட்டைப்பாதம், குதிகால் வலிக்காரர்களுக்கு பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லித் தரும் பயிற்சி ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். விரலை மடக்காமல், முன்பாதத்தைக் குதிகாலை நோக்கி இழுங்கள். நடுவில் வளைவு லேசாக எழும்பும். ஐந்து எண்ணி விடுங்கள். முதல் நாள் எதுவுமே அசையாது, முகம்தான் கோணும். செத்துப்போன நரம்பை இது எழுப்பாது. புண் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மேஜைக்கு அடியில் செய்தால் மானேஜருக்குத் தெரியாது. ஷூவைக் கழற்றினால் மட்டும் மொத்த செக்‌ஷனுக்கும் தெரிந்துவிடும்.