எக்ஸெல் சின்ன வண்டியாம்ல!

எங்க பனவடலிசத்திரம் பக்கம் பத்தாங்கிளாஸ் முடிச்ச பயலுக்கு முதல் வண்டி எக்ஸெல்தான். "சின்ன வண்டிதான, லைசென்ஸ் எதுக்கு?"ன்னு அப்பாமாரே சாவியக் குடுக்காங்க.

யாருங்க சொன்னது சின்ன வண்டின்னு? 16 வயசுக்கு சட்டம் விடுறது கியர் இல்லாத 50 சிசி வரைக்கும்தான். அதுக்கும் லைசென்ஸ் வேணும். 1980-ல வந்த டிவிஎஸ் 50 அதுக்குள்ள அடங்குச்சு. எக்ஸெல் 100 என்ன? 99.7 சிசி! ஆக்டிவா அதுக்கும் மேல. (சட்டத்துல இருக்குற வண்டி ஷோரூம்ல இல்லங்கிறது தனிக்கூத்து.)

2019 திருத்தப்படி பையன் மாட்டினா அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில். பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. காலேஜ் முடிச்சு வேலைக்குப் போனாலும் பஸ்ஸுக்குத்தான் நிக்கணும்!

சித்தி மகன் கேட்டான், "எக்ஸெல்லா ஸ்கூட்டியாண்ணே?" "சைக்கிள்"னேன். ஒரு வாரமா பேச்சில்ல :-)