ராத்திரி அழுதது யாருன்னு ஏணி வெச்சுப் பார்த்தேன்

புது வீடு கட்டிக் குடிபோனவங்க எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். ராத்திரியில வீட்டுக்குள்ள புரியாத சத்தம் கேட்டா, ஜோசியரைத் தேடிப் போறதுக்கு முன்னாடி ஏணியைத் தேடுங்க. புத்தகத்துல படிச்சு இதைச் சொல்லல. இந்தச் சத்தத்தால கறவை மாட்டையே விக்கக் கிளம்புனவன் சொல்றேன்.

எங்க ஊரு பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவுல இருக்கு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிய மலையில்லாத ஒரு சந்து. தென்மேற்குப் பருவம் தொடங்குனா காத்து அந்தச் சந்துல புகுந்து எங்க பக்கம் பாயும். வைகாசி கடைசியில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் ஓயாது. எங்க சுத்துவட்டாரத்துல இத்தனை காத்தாலை நிக்கறதுக்குக் காரணமே அதுதான்.

ஓட்டு வீட்டை இடிச்சுட்டு ரெண்டு வருசத்துக்கு முன்னால தார்சு வீடு கட்டுனேன். வீட்டுக்குத் தென்மேற்கு மூலையில ஒரு வேப்பமரம் இருந்துச்சு. எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, வெச்ச மரம். பில்லர் குழிக்கு வேர் குறுக்க வருதுன்னு இன்ஜினியர் சொன்னாரு. நானும் வெட்டச் சொல்லிட்டேன். என் சம்சாரம் ரெண்டு நாள் எங்கூடப் பேசல.

முதல் வருசம் ஆடியில ஏதோ சத்தம் கேட்டுச்சு, கண்டுக்கல. போன ஆடியில என் மகள் தலைப்பிரசவம் முடிஞ்சு கைக்குழந்தையோட வீட்டுல இருந்தா. ஒரு ராத்திரி "ஏனுங்கப்பா, யாரோ பொம்பளை அழுகுற மாதிரி கேக்குது"ன்னு எந்திரிச்சு வந்தா. போய்க் கேட்டேன். நிஜமாவே அழுகைதான். 'ஊஊ'ன்னு ஏறி இறங்குது. நடுவுல விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பப்போ யாரோ மேல இருந்து 'டொக் டொக்'னு தட்டுறாங்க.

ஊருக்குச் சேதி பரவ ஒரு நாள் போதும். "வேப்பமரத்துல இருந்த ஆத்தா இடமில்லாம அழுகுறா"ன்னாங்க. ஜோசியர் சோழி போட்டுப் பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதிகமா இருக்குமே?"ன்னாரு. இருந்துச்சு! எனக்கே வயித்தைக் கலக்கிடுச்சு. பரிகாரத்துக்கு 28,000 ரூபாய்னாரு. அதுக்குள்ள சம்பந்தியம்மா போன்ல, "வர்ற வாரம் வந்து புள்ளையைக் கூட்டிட்டுப் போறோம், அந்த வீட்டுல பச்சைக் குழந்தையை வெக்க வேண்டாம்"னுட்டாங்க. 41 நாள் குழந்தைங்க. நான் மாட்டு வியாபாரிக்குச் சொல்லியனுப்பிட்டேன்.

மாட்டைப் பார்க்க ஆள் வர்றதுக்கு முந்தின நாள், தொழுவத்துல உக்காந்து யோசிச்சேன். ஏன் ஞாயித்துக்கிழமை? அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. எங்க வீதியில விசைத்தறி ராத்திரி பகலா ஓடுது. ஞாயித்துக்கிழமைதான் தறி நிக்கும். அழுகை தினமும் இருந்திருக்கு, தறிச் சத்தத்துல எங்க காதுல விழல, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் பால் கணக்கு நோட்டுலயே எழுத ஆரம்பிச்சேன். எத்தனை மணிக்குக் கேட்டுச்சு, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிச்சுது, எந்த ரூம்ல கேட்டுச்சு. நாலு ராத்திரியில விசயம் தெளிவாயிருச்சு. தென்மேற்குக் காத்து வேகமெடுத்தா அழுகை வருது. காத்து திரும்புனா நிக்குது. ஆத்தா அழுகுறதா இருந்தா காத்தைப் பார்த்தா அழுகப் போறா?

காத்து சும்மா போனா சத்தம் பெருசா வராதுங்க. ஒரு விளிம்புல மோதி, ஒரு ஓட்டையிலயோ சந்துலயோ மாட்டுனாத்தான் வரும். காலி பாட்டில் வாயில குறுக்க ஊதிப் பாருங்க. அதேதான். குழாய் நீளமா இருந்தா கனத்த சத்தம், குட்டையா இருந்தா கீச்சுச் சத்தம்.

அன்னிக்கு ராத்திரி பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் பையனைக் கூட்டிட்டு மாடிக்குப் போனேன். "மாமா, நெசமாவே பேயா இருந்தா?"ன்னான். "இருந்தா அதுங்கிட்டயே கேட்டுக்கலாம், நீ டார்ச்சைப் புடி"ன்னேன். மகள் கீழே ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மாடிப்படிக்கு ஸ்டீல் குழாய்ல கைப்பிடி போட்டிருக்கு. அதுல நடுக்கம்பி மாட்ட வரிசையா ஓட்டை போட்டாங்க. காசு பத்தாம கம்பி மாட்டாமயே விட்டுட்டோம். ஈரத்துணியால ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுட்டு வந்தேன். மூணாவது ஓட்டையில சத்தம் மாறுச்சு. ஏழாவதுல, "நின்னுபோச்சுங்கப்பா"ன்னு போன்ல கத்துறா. கைப்பிடியோட ஒரு முனை அவ ரூம் சுவத்துல முடுக்கியிருந்துச்சு. அதான் அழுகை அவ தலைமாட்டுல கேட்டிருக்கு.

மத்த ரெண்டும் சுலபமா மாட்டிக்கிச்சு. விசிலுக்கு ஊதுபத்தி போதும். கதவு, ஃபேன் எல்லாம் அடைச்சு நிறுத்திட்டு, இழுக்குற அலுமினிய ஜன்னல் ஓரமா ஊதுபத்தியை மெதுவா நகர்த்துனேன். ஒரு இடத்துல புகை வெடுக்குன்னு சாய்ஞ்சுது. ஜன்னல் ஓரத்துல பிரஷ் மாதிரி ஒட்டியிருக்குமே, அது ஒரு விரக்கடை பிய்ஞ்சு கிடந்துச்சு. தட்டுனது, தண்ணி டேங்க்ல இருந்து வழியுற குழாய். கிளாம்பு இல்லாம கைப்பிடிச் சுவத்துல மோதிக்கிட்டு இருந்துச்சு. மூடி, பிரஷ், கிளாம்பு, பசை எல்லாம் சேர்த்து 640 ரூபாய். மாட்டு வியாபாரியைத் திருப்பி அனுப்பிட்டேன்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சத்தம் வருதேன்னு எல்லா ஓட்டையையும் அடைச்சுடாதீங்க. ஜன்னல் சட்டத்துக்கு அடியில இருக்குற சின்ன ஓட்டை மழைத்தண்ணி வெளிய போறதுக்கு. அடைச்சா தண்ணி வீட்டுக்குள்ள வரும். செப்டிக் டேங்க் புகைக்குழாய் கேஸ் வெளிய போறதுக்கு. அதுக்கு வலை மூடிதான் போடணும். அடுப்படிக் காத்து வழியைத் தொடவே கூடாது.

சாமி இல்லைன்னு சொல்ல வரலைங்க. வருசா வருசம் மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு எடுக்குற குடும்பம் எங்களோடது. ஆனா ஏணி வெச்சு ஏறிப் பார்க்கச் சோம்பல்பட்டுக்கிட்டு, பழியைச் சாமி மேல போடறது பக்தி இல்ல. மோட்டார் காத்துக் குடிச்சா கிணத்துமேட்டுல நின்னே சத்தத்தை வெச்சுச் சொல்லிடுவேன். மாடு செருமுனா சளியா, தீனி அடைச்சதான்னு தெரியும். அதே காது, பயம் வந்ததும் வேலை செய்யாமப் போச்சு. டவுன்ல பத்தாவது மாடியில இருக்கறவங்களுக்கும் இதே கதைதான். மேல போகப் போகக் காத்து வேகம் கூடத்தான் செய்யும்.

ஆனா ஊர்ச்சனம் சொன்னதைச் சிரிச்சுத் தள்ளிடவும் முடியல. எல்லாம் சரி பண்ணி முடிச்சப்புறம் என் சம்சாரம் கேட்டா: "ஏனுங்க, அந்த மரம் நின்னிருந்தா இந்தக் காத்து நம்ம மாடிக்கு வந்திருக்குமா?" பதில் சொல்ல முடியல. தென்மேற்குல அத்தனை பெரிய மரம் நின்னு காத்தை வாங்கிக்கிட்டு இருந்திருக்கு. வாழை போட்ட வருசம் காத்துக்குத் தடுப்பா மேவரப்புல சவுக்கும் அகத்தியும் நட்டவன் நான். வாழைக்குத் தோணுனது வீட்டுக்குத் தோணல. பில்லரை நாலடி தள்ளிப் போட்டிருந்தா மரமும் இருந்திருக்கும், வீடும் இருந்திருக்கும். அதைக் கேக்காம விட்டது இன்ஜினியர் தப்பில்ல, என் தப்பு.

அதனால வீடு கட்டுறவங்க வாஸ்து பார்க்குற நேரத்துல பாதி நேரம் காத்தைப் பாருங்க. எந்த மாசம் எந்தத் திக்குல இருந்து அடிக்குதுன்னு அந்த ஊர்ல மாடு மேய்க்கிற பெரியவங்களைக் கேளுங்க. காத்து வர்ற பக்கம் மரம் இருந்தா அதை விட்டுட்டு பிளான் போடுங்க.

ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாங்க. ராத்திரி தங்குனாங்க. தறி நின்னிருந்துச்சு, வெளிய காத்து பேய் மாதிரி அடிச்சுது, வீட்டுக்குள்ள குழந்தை மூச்சு விடுற சத்தம்தான் கேட்டுச்சு. காலையில காப்பி குடிச்சுட்டு, புள்ளையை எங்ககிட்டயே விட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கு மத்தியானமே தென்மேற்கு மூலையில, சுவத்துல இருந்து இருபதடி தள்ளி, ஒரு வேப்பங்கன்னு நட்டேன். இப்ப என் இடுப்பு உசரம் வந்திருக்கு.