காட்டில் நடக்கக் காசா?

மலையேறப் போக இப்போது வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவுக்குத் திறந்துவிட்டது. மலையோர இளைஞர்கள்தான் வழிகாட்டிகள்.

"காட்டுல நடக்கவும் காசா?" என்று முணுமுணுப்பு கிளம்பியது. நியாயம்தான். மாதச் சம்பளக்காரர் பிள்ளைகுட்டியோடு போனால் பை காலி!

ஆனால் 2018 மார்ச் 11-ஐ மறக்க முடியுமா? தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னை, ஈரோடு பக்கமிருந்து போன மலையேற்றக் கோஷ்டி நடுவில் சிக்கியது. 20 பேருக்கு மேல் பலி. அந்தப் பாதைக்கு அனுமதியே இல்லை என்றது வனத்துறை.

அனுமதி இல்லாமல் நுழைந்தால், உள்ளே எத்தனை பேர், எந்தச் சரிவில் என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? டிக்கெட்டில் அந்தக் கணக்கும் இருக்கிறது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம்; பெயர்ப் பதிவே வேண்டாம் என்பது வம்பு.

காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கித்தான் பாயும். மனுஷன் ஓட்டம் அதுக்கு முன்னால் எடுபடாது. அதனால்தான் 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடினார்கள். மார்ச்சில் லீவு போட்டு மூட்டை கட்டுகிறவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.